டேப்பைப் பட்டினி போடாதீர்கள்: யூனிக்ஸ் நெட்வொர்க்கில் பேக்கப்பை வேகப்படுத்தும் வழி

இரவு 8 மணிக்குத் தொடங்கிய பேக்கப், காலை ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேரள எல்லையில் உள்ள கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்துத் தொழிற்கூடங்களில் சர்வர் அறையைப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு முதலில் வரும் தலைவலி பெரும்பாலும் இதுதான். ‘டேப் டிரைவ் (தரவைக் காந்த நாடாவில் எழுதும் கருவி) பழசாகிவிட்டது, புதுசு வாங்கலாம்’ என்று கோயமுத்தூரில் கொட்டேஷன் கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பல இடங்களில் டிரைவ் மெதுவாக ஓடுவதில்லை, தரவு வந்து சேராமல் காத்துக்கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இன்னும் வேகமான டிரைவை வாங்கி வைத்தால் பேக்கப் முன்னைவிட மெதுவாகவும் வாய்ப்புண்டு.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்கூடம். ஐந்து லினக்ஸ் சர்வர்கள், கணக்குப் பிரிவுக்காக இன்னும் உயிரோடு வைத்திருக்கும் ஒரு பழைய சோலாரிஸ் (இன்னொரு யூனிக்ஸ் வகை) இயந்திரம், ஒரு எல்.டி.ஓ.-5 டேப் டிரைவ், அதாவது எல்.டி.ஓ. என்ற டேப் வகையின் ஐந்தாம் தலைமுறை. தலைமை அலுவலகம் கோவையில். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பு வழியே எழுதியிருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

டேப் ஏன் நின்று நின்று ஓடுகிறது

ஹார்ட் டிஸ்க் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். தரவு வந்தால் எழுதும், வராவிட்டால் சும்மா சுற்றும். டேப் அப்படியல்ல. எழுதுவதற்குத் தரவு தீர்ந்துவிட்டால் நாடா நிற்க வேண்டும். நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் போகும் நாடா நினைத்த இடத்தில் நிற்காது, கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் நிற்கும். பிறகு பின்னால் சுற்றி, விட்ட இடத்துக்கு முன்னால் போய், மறுபடி வேகம் பிடித்து, சரியான புள்ளியில் எழுதத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில வினாடிகள் போய்விடும். முன்னும் பின்னும் துணி போட்டு இழுப்பது போல இருப்பதால் இதை ‘ஷூ ஷைனிங்’, அதாவது ஷூ பாலிஷ் போடுவது என்பார்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற வரிசையை நினைத்துப் பாருங்கள். இரண்டடி நகர்வது, நிற்பது, மறுபடி வண்டியைக் கிளப்புவது. டீசல் தீரும், கிளட்ச் தேயும், தூரம் மட்டும் குறையாது. டேப்புக்கும் அதே கதிதான். நேரம் போவதோடு நாடாவும் தேய்கிறது, டிரைவின் எழுதும் தலையும் தேய்கிறது.

தரவைச் சுருக்காமல் எழுதும்போது எல்.டி.ஓ. டிரைவ்களின் வேகம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறை வினாடிக்கு 80 எம்.பி. (மெகாபைட்), நான்காவது 120, ஐந்தாவது 140, ஆறாவது 160, ஏழாவது 300. தரவு குறைந்தால் டிரைவ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு; பொதுவாக முழு வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். ஐந்தாம் தலைமுறை டிரைவில் தயாரிப்பைப் பொறுத்து இது சுமார் 30 முதல் 50 எம்.பி. 300 எம்.பி. டிரைவில் கீழ் எல்லையே சுமார் 100 எம்.பி. உங்கள் நெட்வொர்க் வினாடிக்கு 50 எம்.பி. தான் கொடுக்கிறது என்றால் பழைய டிரைவ் சமாளித்துவிடும், புதிய டிரைவ் இரவெல்லாம் ஷூ பாலிஷ் போடும். புது டிரைவுக்கு அவசரப்பட வேண்டாம் என்றது இதனால்தான்.

முதலில் பேப்பரில் கணக்கு

எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? இரவு 8 முதல் காலை 6 வரை 10 மணி நேரம், அதாவது 36,000 வினாடி. எவ்வளவு தரவு? 1.2 டி.பி. என்றால் வினாடிக்கு 33 எம்.பி. போதும். எல்.டி.ஓ.-5 டேப் ஒன்றில் 1.5 டி.பி. பிடிக்கும், முழு வேகத்தில் எழுதினால் அது நிரம்ப 3 மணி நேரம்கூட ஆகாது. எனவே உங்களிடம் இருப்பது தேவைக்கு நாலு மடங்கு வேகமான டிரைவ். பேக்கப் 13 மணி நேரம் எடுக்கிறதென்றால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. நெட்வொர்க்கை மெகாபிட்டில் சொல்வார்கள், டேப்பை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டால் வகுக்க மறந்து ‘நம்மிடம் 100 இருக்கிறதே, டிரைவுக்கு 140 தானே, கிட்டத்தட்டச் சரி’ என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. 100 மெகாபிட் லைனில் நடைமுறையில் கிடைப்பது வினாடிக்கு 11 எம்.பி. சொச்சம். கிகாபிட்டில் 110க்குக் கொஞ்சம் மேலே.

மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்

தரவு போகும் பாதையில் மூன்று கண்ணிகள்: மூல இயந்திரத்தின் டிஸ்க், நடுவில் நெட்வொர்க், கடைசியில் டேப். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்காமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். ஒரே இரவில் நாலு மாற்றம் செய்துவிட்டு வேகம் கூடினால் எதனால் கூடியது என்று தெரியாது. குறைந்தால் அதைவிட மோசம்.

டிஸ்க்கை அளக்க, பேக்கப் எடுக்க வேண்டிய அடைவை (டைரக்டரியை), கோப்புகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் ‘டார்’ கட்டளையால் படித்து, வெளியீட்டை எங்கும் சேமிக்காமல் ‘தேவ் நல்’ என்ற வெற்றுச் சாதனத்துக்கு அனுப்பி, ‘டைம்’ கட்டளையால் நேரம் பாருங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் இருக்கும் குனூ டார் கெட்டிக்காரத்தனமானது. வெளியீடு நேரடியாக ‘தேவ் நல்’லுக்குப் போகிறது என்று கண்டுபிடித்தால் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்காமலே விட்டுவிடும். 400 ஜி.பி. 20 வினாடியில் முடிந்ததாகக் காட்டும், நீங்களும் டிஸ்க் பறக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். அதனால் டாரின் வெளியீட்டைக் குழாய் (பைப்) வழியாக ‘கேட்’ கட்டளைக்குக் கொடுத்து, அதிலிருந்து ‘தேவ் நல்’லுக்கு அனுப்புங்கள். அப்போதுதான் உண்மையான படிப்பு நடக்கும். இரண்டாம் தடவை அளந்தால் தரவு நினைவகத்தில் இருந்தே வரலாம் என்பதால் முதல் தடவைக் கணக்கையே நம்புங்கள்.

நெட்வொர்க்குக்கு ‘ஐபெர்ஃப்3’ போதும். டேப் இருக்கும் இயந்திரத்தில் சர்வராக ஓடவிட்டு, மற்ற ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் அதை அழையுங்கள். கிகாபிட் லைன் நலமாக இருந்தால் 940 மெகாபிட் அருகே காட்டும். 94 என்று காட்டினால் எங்கோ 100க்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

டேப்பை அளக்கும்போது பூஜ்யங்களை எழுதிப் பார்க்காதீர்கள். டிரைவுக்குள் சுருக்கும் வசதி இருப்பதால் பூஜ்யங்கள் ஒன்றுமில்லாமல் சுருங்கி, 140 எம்.பி. டிரைவ் 300 காட்டும். தாறுமாறான எண்களைத் தரும் ‘தேவ் யுரேண்டம்’ சாதனத்திலிருந்து 10 ஜி.பி. அளவுக்கு ஒரு கோப்பை முன்கூட்டியே நினைவகக் கோப்பு முறையில் உருவாக்கி வைத்து, அதைத் தரவை நகலெடுக்கும் ‘டிடி’ கட்டளையால் டேப்பில் எழுதிப் பாருங்கள். நேரடியாக யுரேண்டத்திலிருந்து எழுதினால், பழைய இயந்திரங்களில் அந்த எண்களை உருவாக்கும் வேகத்தைத்தான் அளப்பீர்கள், டேப்பை அல்ல. சோதனைக்கு வெறும் டேப்பைப் போடுங்கள். சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனாலும் நேற்றைய பேக்கப் டேப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எது சின்னதோ அங்கேதான் வேலை.

நெட்வொர்க் சின்னதாக வந்தால்

‘ஈத்டூல்’ கட்டளை ஒவ்வொரு இடைமுகத்தின் வேகத்தையும் இருவழியா ஒருவழியா என்பதையும் காட்டும். அடிக்கடி வரும் கோளாறு இது: சர்வரில் யாரோ ‘100, முழு இருவழி’ என்று கையால் நிலைநிறுத்தியிருப்பார், சுவிட்ச் தானாகப் பேசி முடிவுசெய்யும் நிலையில் இருக்கும். எதிர்முனை பேசாததால் சுவிட்ச் அரை இருவழிக்கு இறங்கிவிடும். லைன் வேலை செய்யும், பிங் போகும், ஆனால் பெரிய தரவு போகும்போது மோதல்களால் வேகம் பாதாளத்துக்குப் போகும். இரு முனையையும் தானியங்கி நிலையில் விடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள்.

கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் நன்றாக இருக்க வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்தோ கிரிம்ப் சரியில்லாமலோ ஒரு ஜோடி போனால் இணைப்பு பல நேரம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. பத்து ரூபாய்க் கனெக்டருக்காக லட்ச ரூபாய் டிரைவைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஜம்போ ஃபிரேம், அதாவது 9000 பைட் எம்.டி.யூ. (ஒரே பொட்டலமாகப் போகும் அதிகபட்ச அளவு), மையச் செயலியின் சுமையைக் குறைக்கும். ஆனால் பாதையில் உள்ள எல்லா இயந்திரங்களும் சுவிட்சும் அதே அளவில் இருக்க வேண்டும். துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் அளவில் பிங் அனுப்பிப் பாருங்கள், போய்வந்தால் சரி. போகவில்லை என்றால் 1500லேயே விட்டுவிடுங்கள். இன்றைய நெட்வொர்க் அட்டைகளில் இதனால் கிடைக்கும் லாபம் பெரிதல்ல. தப்பாகிப் போனால் வரும் குழப்பம் பெரிது.

என்.எஃப்.எஸ். (இன்னொரு இயந்திரத்தின் அடைவை நெட்வொர்க் வழியே தன்னுடையது போலக் காட்டும் முறை) வழியாகப் பேக்கப் எடுக்காதீர்கள். எல்லா சர்வர்களின் அடைவுகளையும் டேப் இயந்திரத்தில் மவுண்ட் செய்துவிட்டு, அங்கிருந்தே ஒரு டார் ஓட்டுவது பார்க்க எளிது. ஆனால் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் அதன் விவரம் கேட்டு, திறந்து, படித்து, மூட நெட்வொர்க்கில் பலமுறை போய்வர வேண்டும். டாரை டிஸ்க் இருக்கும் இயந்திரத்திலேயே ஓட்டி, அதன் வெளியீட்டை ஒரே நீரோட்டமாக நெட்வொர்க்கில் அனுப்புங்கள். இந்த ஒரு மாற்றமே பல இடங்களில் பாதி வேலையை முடித்துவிடும்.

பிளாக் அளவு: புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம்

ஒரே தடவையில் டேப்புக்கு எழுதப்படும் தரவுத் துண்டுதான் பிளாக். டார் தானாக விட்டால் 20 என்ற பிளாக்கிங் எண்ணில் எழுதும். 512 பைட் இருபது, அதாவது 10,240 பைட். 140 எம்.பி. வேகத்துக்கு வினாடிக்கு 13,000க்கு மேற்பட்ட எழுதும் கட்டளைகள் டிரைவுக்குப் போக வேண்டும். டாரின் சின்ன ‘பி’ விருப்பத்தில் (ஆப்ஷனில்) 512 என்று கொடுங்கள். பிளாக் 256 கே.பி. ஆகும், கட்டளைகள் வினாடிக்கு 530 அளவுக்குக் குறையும். சில கட்டுப்பாட்டு அட்டைகள் 1 எம்.பி. வரை தாங்கும், சில மறுத்துவிடும். 256 கே.பி.யில் தொடங்கி, அளந்து பார்த்து மேலே போங்கள்.

எழுதும் முன், டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் ‘எம்டி’ கட்டளையில் ‘செட்பிளாக் 0’ கொடுத்து டிரைவை மாறும் பிளாக் நிலையில் வையுங்கள்.

நெட்வொர்க் வழியே வரும் தரவை டிடி கட்டளையால் டேப்பில் எழுதும்போது பலரும் ‘பிஎஸ்’ விருப்பத்தில் 256 கே.பி. கொடுப்பார்கள். அங்கேதான் பிசகும். குழாயிலிருந்து படிக்கும்போது டிடிக்கு ஒரே மூச்சில் முழு 256 கே.பி. கிடைக்காது, கிடைத்ததைப் படிக்கும், படித்ததை அப்படியே எழுதும். டேப்பில் 4 கே.பி., 32 கே.பி., 60 கே.பி. என்று கோணல்மாணலான பிளாக்குகள் விழும். வேகமும் போகும், திரும்பப் படிக்கும்போது தொல்லையும் வரும். ‘பிஎஸ்’ வேண்டாம், ‘ஓபிஎஸ்’ கொடுங்கள். அப்போது டிடி துண்டுகளைச் சேர்த்து முழு பிளாக் ஆன பிறகே எழுதும். ஓர் எழுத்து வித்தியாசம்தான்.

சாதனக் கோப்பிலும் கவனம் வேண்டும். லினக்ஸில் ‘எஸ்டி0’ என்ற பெயருக்கு எழுதினால் வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த இயந்திரத்தின் பேக்கப் முந்தையதன் மேலேயே எழுதப்படும். முன்னால் ‘என்’ சேர்ந்த ‘என்எஸ்டி0’ தான் திரும்பாத சாதனம். சோலாரிஸில் ‘ஆர்எம்டி’ அடைவுக்குள் ‘0என்’, ஃப்ரீபிஎஸ்டியில் ‘என்எஸ்ஏ0’. ஐந்து சர்வர் பேக்கப்பும் ‘வெற்றி’ என்று பதிவில் இருக்கும், டேப்பில் கடைசி சர்வர் மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்று. டேப் சாதனத்தை மூடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்புக் குறி எழுதப்படும். டிரைவ் தன் இடைநினைவைக் காலி செய்துவிட்டு நின்றுவிடும். பயனருக்கு ஒன்றாக 200 சின்ன டார் கோப்புகளை டேப்பில் அடுக்குவது வசதியாகத் தோன்றும். 200 தடவை நிறுத்தம் என்று கணக்குப் போட்டால் தோன்றாது.

இடையில் ஒரு தொட்டி

மூலத்தின் வேகம் ஏறி இறங்கும். பெரிய கோப்பு வந்தால் 100 எம்.பி., ஆயிரம் சின்னக் கோப்பு வந்தால் 3 எம்.பி. டேப்புக்குச் சீரான ஓட்டம் வேண்டும். தோட்டத்துக்குப் பாயவிடும் முன் கிணற்று நீரைத் தொட்டியில் தேக்குவது போல, நடுவில் ஒரு இடைநினைவு வையுங்கள். ‘எம்பஃபர்’ என்ற சிறிய நிரல் இதற்கென்றே இருக்கிறது.

டேப் இயந்திரத்தில் எம்பஃபரை இப்படி ஓட்டுங்கள்: சின்ன ‘எம்’ விருப்பத்தில் 4ஜி, சின்ன ‘எஸ்’ விருப்பத்தில் 256கே, பெரிய ‘பி’ விருப்பத்தில் 90, பெரிய ‘ஐ’ விருப்பத்தில் கேட்க வேண்டிய போர்ட் எண், சின்ன ‘ஓ’ விருப்பத்தில் டேப் சாதனம். மூல இயந்திரத்தில் டாரின் வெளியீட்டை இன்னொரு எம்பஃபருக்குக் கொடுத்து, பெரிய ‘ஓ’ விருப்பத்தில் டேப் இயந்திரத்தின் முகவரியும் அதே போர்ட்டும் கொடுங்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு பொருள் என்பதால் கவனமாக அடியுங்கள்.

இதில் உயிர் அந்த 90 என்ற எண்ணில் இருக்கிறது. தொட்டி 90 சதவீதம் நிரம்பும் வரை டேப்பில் எழுதாதே என்று அது சொல்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு குவளை நீர் வந்தவுடன் மடை திறக்கும், தொட்டி வைத்ததற்கே பொருள் இல்லாமல் போகும். கணக்கைப் பாருங்கள். நெட்வொர்க் 11 எம்.பி. மட்டுமே கொடுக்கிறது என்றாலும் 4 ஜி.பி. தொட்டி நிரம்ப சுமார் 6 நிமிடம். 140 எம்.பி. வேகத்தில் அது அரை நிமிடத்தில் காலியாகும். ஆறு நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம். தொட்டி இல்லாமல் அதே லைனில் நிமிடத்துக்குப் பல நிறுத்தங்கள். மொத்த வேகம் லைனின் 11 எம்.பி.யைத் தாண்டாது, ஆனால் நிறுத்தங்களால் இழந்தது திரும்பக் கிடைக்கும், டேப்பும் பிழைக்கும்.

ஓடும்போது எம்பஃபர் உள்ளே வரும் வேகம், வெளியே போகும் வேகம், தொட்டி எத்தனை சதவீதம் என்று மூன்றையும் காட்டும். தொட்டி எப்போதும் நிரம்பியே இருந்தால் டேப்தான் தடை. எப்போதும் வற்றியே இருந்தால் மூலமோ நெட்வொர்க்கோ. இதைவிட எளிய சோதனைக் கருவி கிடைக்காது.

எம்பஃபர் தரவை மறைகுறியாக்காது. சுவிட்ச் உங்கள் பூட்டிய அறைக்குள் இருக்கும்போது மட்டும் இப்படிச் செய்யுங்கள். கட்டடம் தாண்டினால், தரவை மறைகுறியாக்கி அனுப்பும் ‘எஸ்எஸ்ஹெச்’ வழியாக. எஸ்எஸ்ஹெச்சில் ஒரு இணைப்புக்கு ஒரு செயலிக் கருதான் உழைக்கும். ஏ.இ.எஸ். என்ற மறைகுறியாக்க முறைக்கு வன்பொருள் வசதி உள்ள செயலிகளில் ‘ஏஇஎஸ்128-ஜிசிஎம்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாத பழைய செயலியில் தானாக வரும் சாசா20 என்ற முறை நல்லது. எஸ்எஸ்ஹெச்சின் சுருக்கத்தை அணைத்துவிடுங்கள். டேப்பையே பூட்ட வேண்டுமென்றால் எல்.டி.ஓ.-4 முதல் டிரைவுக்குள்ளேயே 256 பிட் ஏ.இ.எஸ். வசதி உண்டு.

பல இயந்திரங்கள், ஒரே டிரைவ்

ஆறு இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக டேப்புக்கு அனுப்பினால், மெதுவான இயந்திரத்தின் முறை வரும்போதெல்லாம் டிரைவ் பட்டினிதான். பழைய சோலாரிஸ் இயந்திரம் 5 எம்.பி. கொடுத்தால் தொட்டி நிறுத்தங்களைக் குறைக்குமே தவிர நேரத்தைக் குறைக்காது. வழி ஒன்றுதான்: எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஒரு டிஸ்க்குக்கு அனுப்பட்டும், அந்த டிஸ்க்கிலிருந்து டேப் முழு வேகத்தில் எடுத்துக்கொள்ளட்டும்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘அமாண்டா’ என்ற பேக்கப் மென்பொருள் இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. அதில் இதற்கு ‘ஹோல்டிங் டிஸ்க்’ என்று பெயர். ‘இன்பேரலல்’ என்ற அமைப்பு மொத்தம் எத்தனை பேக்கப் ஒரே சமயத்தில் ஓடலாம் என்பதைச் சொல்லும். ‘மேக்ஸ்டம்ப்ஸ்’ ஒரு இயந்திரத்தில் எத்தனை என்பதை. மேக்ஸ்டம்ப்ஸைக் கூட்டும்போது டிஸ்க் பட்டியலில் ‘ஸ்பிண்டில்’ எண்ணையும் கொடுங்கள். ஒரே டிஸ்க்கில் இருக்கும் இரண்டு பகுதிகளை ஒரே நேரத்தில் படித்தால் தலை அங்கும் இங்கும் ஓடி இரண்டும் மெதுவாகும். ஒரே ஸ்பிண்டில் எண் உள்ளவற்றை அமாண்டா சேர்த்து ஓட்டாது. அமாண்டாவின் டேப் பிளாக் தானாக விட்டால் 32 கே.பி.; டேப் வகை அமைப்பில் அதைக் கூட்டலாம்.

‘பாகுலா’ என்ற இன்னொரு பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துவோர் ‘ஸ்பூல் டேட்டா’, ‘ஸ்பூல் ஆட்ரிப்யூட்ஸ்’ இரண்டையும் இயக்க வேண்டும். ஒரே வேலை மட்டும் ஓடினால் ஸ்பூல் செய்வதும் (டிஸ்க்கில் தேக்குவதும்) டேப்புக்கு இறக்குவதும் மாறி மாறித்தான் நடக்கும். ஒரே நேரத்தில் பல வேலைகளை அனுமதித்தால்தான் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். அதிகபட்சக் கோப்பு அளவு 1 ஜி.பி. என்று இருக்கும், 10 ஜி.பி. ஆக்கினால் கோப்புக் குறி நிறுத்தங்கள் பத்தில் ஒன்றாகும். பாகுலாவின் பிளாக் 64,512 பைட். அதை மாற்றினால் பழைய அளவில் எழுதிய டேப்புகளைப் படிப்பதில் சிக்கல் வரும். புதிய டேப் தொகுப்பு தொடங்கும்போது மட்டும் மாற்றுங்கள்.

அந்த இடைநிலை டிஸ்க்கும் டேப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஒரு 7200 சுற்று டிஸ்க் தனியே படித்தால் 150 எம்.பி. கொடுக்கலாம், ஆறு பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது அதே டிஸ்க்கைப் படித்தால் கொடுக்காது. இரண்டு மூன்று டிஸ்க்குகளை ஒன்றுபோல் இயங்கும்படி பட்டையாக (ஸ்ட்ரைப்) இணையுங்கள், அல்லது எஸ்.எஸ்.டி. போடுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் பெட்டியில் போட்டிருக்கும் எழுதும் ஆயுளைப் பாருங்கள். 600 டி.பி. என்று இருந்து, நீங்கள் இரவுக்கு 1 டி.பி. எழுதினால் இரண்டு வருடத்துக்குள் அந்த அளவு தீர்ந்துவிடும்.

சின்னக் கோப்புகளும் வேண்டாத கோப்புகளும்

சுழலும் டிஸ்க்கில் தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக சுமார் 10 மில்லிவினாடி. வினாடிக்கு நூறு இடம். ஒவ்வொரு இடத்திலும் 8 கே.பி. கடிதக் கோப்பு என்றால் வினாடிக்கு 1 எம்.பி.கூடத் தேறாது. அஞ்சல் சர்வர் ஏன் எப்போதும் கடைசியில் முடிகிறது என்பதற்கு இதுதான் பதில். அந்தச் சர்வரை முதலில் தொடங்கிவிடுங்கள், அது தன் போக்கில் ஹோல்டிங் டிஸ்க்குக்கு ஊர்ந்து வரட்டும்.

சுருக்கத்தில் ஒரே விதி: ஒரு தடவை மட்டும், சரியான இடத்தில். கிகாபிட் லைன் இருந்தால் டிரைவே சுருக்கட்டும். சுருக்கும் கட்டளையான ‘ஜிஜிப்’ ஒரே கருவில் ஓடுவதால் அதுவே தடையாகிவிடும். லைன் 100 மெகாபிட் என்றால் மூல இயந்திரத்திலேயே ஜிஜிப்பின் முதல் நிலையிலோ, பல கருக்களில் ஓடும் ‘பிக்ஜெட்’ கொண்டோ சுருக்கி அனுப்புங்கள். பாதியாகச் சுருங்கும் தரவுக்கு லைன் இரட்டிப்பானது போல.

‘ப்ராக்’, ‘சிஸ்’ போன்ற போலி அடைவுகள், தற்காலிகக் கோப்புகள், கேஷ் எதுவும் டேப்புக்குப் போகக் கூடாது. டாரில் ‘ஒன் ஃபைல் சிஸ்டம்’ விருப்பம் கொடுத்தால் வேறு மவுண்ட்டுகளுக்குள் நுழையாது. ‘லாஸ்ட்லாக்’ போன்ற ஓட்டைக் கோப்புகள் பார்வைக்குப் பல ஜி.பி. இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ‘ஸ்பார்ஸ்’ விருப்பம் அதைக் கவனித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை நேரடியாக எடுக்காதீர்கள், அதன் டம்ப் கட்டளையால் எடுத்ததை அனுப்புங்கள். வாரம் ஒரு முழு பேக்கப், மற்ற நாள் மாறியது மட்டும். இரவுப் பேக்கப்பும் லாக் சுழற்சியும் கோப்புப் பட்டியல் புதுப்பிப்பும் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதியில்) ஒரே நேரத்துக்குப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லையைத் தாண்டும் லைனும் டேப்பும்

கோவை அலுவலகத்தின் தரவை 10 மெகாபிட் லைனில் நேராகக் கஞ்சிக்கோட்டு டேப்புக்கு அனுப்ப நினைக்காதீர்கள். வினாடிக்கு 1.25 எம்.பி. எந்த எல்.டி.ஓ.வுக்கும் அது வாயில் ஒட்டாது. 8 மணி நேரத்துக்கு மொத்தமே 36 ஜி.பி. ‘ஆர்சிங்க்’ கொண்டு மாறியதை மட்டும் இரவில் இங்குள்ள டிஸ்க்குக்குக் கொண்டுவந்து, அதை மறுநாள் டேப்புக்கு அனுப்புங்கள். முழுப் பிரதி தேவையென்றால் டேப்பை உக்கடம் பஸ்ஸில் ஆள் கொடுத்து அனுப்புவது அந்த லைனைவிட எத்தனையோ மடங்கு வேகம். இது கேலி இல்லை: இரண்டு மணி நேரப் பயணத்தில் 1.5 டி.பி. என்றால் வினாடிக்கு 200 எம்.பி.க்கு மேல்.

போகும் டேப் கெடாமல் போக வேண்டும். நாடா ஓடும்போது காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எடவப்பாதி மழை பிடித்த ஜூன், ஜூலையில் பாலக்காட்டில் வெளிக்காற்று அதை எளிதாகத் தாண்டும். ஏ.சி. அறையில் குளிர்ந்த டேப்பை மழைக்காற்றில் வெளியே எடுத்தால் மேலே நீர் பூக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், போய்ச் சேர்ந்ததும் உடனே டிரைவில் நுழைக்காமல் 24 மணி நேரம் அந்த அறையிலேயே வைத்திருங்கள். ஏப்ரல் வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆடிக் காற்றுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தூசு இன்னொரு எதிரி. அழுக்கான தலை பிழை திருத்தி மறுபடி எழுதுவதிலேயே நேரத்தைத் தின்னும். திடீரென்று வேகம் குறைந்தால் ‘டேப்இன்ஃபோ’ கட்டளையில் டிரைவின் எச்சரிக்கைகளைப் பாருங்கள். டிரைவ் கேட்டால் மட்டும் கிளீனிங் கார்ட்ரிஜ் போடுங்கள். வாரம் தவறாமல் போட்டால் தலைதான் தேயும்.

ஓணத்துக்குக் கஞ்சிக்கோட்டில் ஆள் இருக்க மாட்டார்கள், பொங்கலுக்குக் கோவையில் இருக்க மாட்டார்கள். ஹோல்டிங் டிஸ்க் குறைந்தது நாலு நாள் பேக்கப்பைத் தாங்கும் அளவுக்கு இருந்தால் டேப் மாற்ற ஆளில்லாத நாளிலும் வேலை நிற்காது. டேப் உறையில் கிழமையைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதாதீர்கள், இரவு ஷிப்ட்டில் யார் இருப்பார் என்று தெரியாது. வரிசை எண், தேதி, எழுதிய பிளாக் அளவு: மூன்றும் எண்ணாக.

பிளாக் அளவு ஏன் என்றால், 256 கே.பி. பிளாக்கில் எழுதிய டேப்பை ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வெறும் டார் கட்டளையால் படிக்கப் பார்ப்பார். ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று லினக்ஸ் பிழை காட்டும். சர்வரில் ராம் போதவில்லை என்று நினைத்து அதை மாற்றக் கிளம்புவார்கள். ராமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேப்பில் இருக்கும் பிளாக் பெரிது, படிக்கக் கேட்ட அளவு சிறிது, அவ்வளவுதான். எழுதியபோது கொடுத்த அதே 512ஐச் சின்ன ‘பி’யில் கொடுத்தால் டேப் திறந்துகொள்ளும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு டேப்பை எடுத்து, உறையில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பேக்கப் எழுதாத வேறொருவரை விட்டு ஒரு கோப்பை மீட்கச் சொல்லிப் பாருங்கள்.